கோடைத் தொப்பி பின்னும்போது கோணிப்போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஏப்ரல் பாதி தாண்டியதும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் பிழிவது தொடங்கிவிடும். அம்மா தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு காலை ஆறரைக்கே மேலே போவார். பத்து மணிக்கு இறங்கி வரும்போது துண்டு காய்ந்து, முகம் சிவந்திருக்கும். அவருக்காகத்தான் முதல் பருத்தித் தொப்பியைக் குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னல்) பின்ன ஆரம்பித்தேன். அதை மூன்று முறை பிரித்தேன். ஒவ்வொரு முறையும் கோளாறு கண்ணில் பட்டது ஓரிடம், தொடங்கியது வேறிடம். நாலைந்து சுற்றுக்கு முன்னால், எல்லாம் சரியாகப் போகிறது என்று நான் நிம்மதியாக இருந்த இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. அதனால் உங்கள் கையில் இருக்கும் தொப்பி எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கி, எந்தச் சுற்றைப் போய்ப் பார்க்க வேண்டும், பிரிக்க வேண்டுமா வேண்டாமா என்று எழுதுகிறேன்.

செயினும் சிங்கிள் குரோஷேயும் போடத் தெரிந்தால் இது புரியும். ஸ்டிச்சைக் கண்ணி என்றே சொல்கிறேன். ஒரே கண்ணிக்குள் இரண்டு போடுவதைக் கூட்டல் என்கிறேன்.

முதலில் ஒரு அளவுத் தொப்பியை மனதில் வைத்துக்கொள்வோம். நடுத்தர கனமுள்ள பருத்தி நூல், 4 மி.மீ. ஊசி, முழுக்க சிங்கிள் குரோஷே. என் கையில் இது 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 19 சுற்று வருகிறது. தலைச்சுற்றளவு 56 செ.மீ. மேல்தட்டு, அதாவது உச்சி வட்டம், 6 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டி, 17 சுற்றில் 102 கண்ணி. குறுக்களவு ஏறக்குறைய 18 செ.மீ. அப்புறம் பக்கச்சுவர், கூட்டல் இல்லாமல் 18 சுற்று. கடைசியில் வெயில் மறைக்கும் விளிம்பு, 12 சுற்று. நூல் 150 கிராம் வாங்கி வைத்தால் நடுவில் கடைக்கு ஓட வேண்டியிருக்காது.

வட்டம் கிண்ணம் மாதிரிக் குழிகிறது

புதிதாகப் பழகும் பத்துப் பேரில் எட்டுப் பேராவது இங்கேதான் நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மேல்தட்டை மேஜையில் வைத்தால் ஓரம் மேலே எழும்புகிறது. காரணம், ஓரத்தில் கண்ணி போதவில்லை.

ஏன் 6 என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். வட்டத்தின் ஆரம் ஒரு சுற்று உயரம் கூடும்போது, சுற்றளவு அதைப்போல் 6.28 மடங்கு கூட வேண்டும். சிங்கிள் குரோஷேயில் ஒரு கண்ணியின் அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே சுற்றுக்கு 6 கண்ணி கூட்டினால் வட்டம் தட்டையாகப் படுக்கும். ஹாஃப் டபுள் குரோஷே என்ற கண்ணி இதைவிட உயரமானது, அதற்கு 8. டபுள் இன்னும் உயரம், அதற்கு 12. யாரோ வகுத்த விதி என்று நினைத்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கணக்குத்தான்.

இந்தக் கணக்கே பிழையைக் கண்டுபிடிக்கும் கருவியும் ஆகிறது. சுற்றின் எண்ணை 6-ஆல் பெருக்கினால் அந்தச் சுற்றில் இருக்க வேண்டிய கண்ணிகள் வந்துவிடும். 9-வது சுற்றா, 54. 13-வது சுற்றா, 78. நடுவிலிருந்து சுற்றுகளை எண்ணுங்கள், பிறகு ஓரத்துக் கண்ணிகளை எண்ணுங்கள். ஓரத்தை மேலிருந்து பார்த்தால் சங்கிலி மாதிரி அடுத்தடுத்து ‘வி’ வடிவம் தெரியும். ஒரு ‘வி’ ஒரு கண்ணி. ஊசியில் மாட்டியிருக்கும் வளையத்தை எண்ணக் கூடாது. கண்ணால் மட்டும் எண்ணினால் தப்பும். நான் இடது கைக் கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு ‘வி’யின் நடுவிலும் பதித்து நகர்த்தி எண்ணுவேன். பத்துக்கு ஒரு ஊக்கு குத்திக்கொண்டே போவேன்.

54 வர வேண்டிய இடத்தில் 51 என்றால், மூன்று எங்கே தொலைந்தன? ஒவ்வொரு சுற்றும் ஆறு பங்கு. 9-வது சுற்றில் ஒரு பங்குக்கு 9 கண்ணி: 7 சாதா, ஒரு கூட்டல். பங்கு பங்காக எண்ணினால் 8 வரும் பங்கு மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் கண்ணி விட்டுப்போயிருக்கும். சுற்றின் முதல் கண்ணியில் மாறுபட்ட நிற நூல்துண்டோ ஊக்கோ மாட்டாமல் பின்னினால் இந்தப் பிழை நிச்சயம் வரும். அதற்கென்று விற்கிற பிளாஸ்டிக் கொக்கி வேண்டும் என்று இல்லை. சேலைக்குக் குத்துகிற ஊக்கே போதும்.

ஒன்றிரண்டு குறைந்தால் பிரிக்காதீர்கள். அடுத்த சுற்றில் அந்தப் பங்கில் ஒரு கூட்டல் அதிகம் போட்டால் தொப்பியில் தெரியாது. நாலு, ஐந்து குறைந்து வட்டம் தெளிவாகக் குழிந்துவிட்டால், பிழை நடந்த சுற்று வரை பிரித்துவிடுவதுதான் நல்லது. அதை அப்படியே விட்டு மேலே போனால் பக்கச்சுவர் முடிந்த பிறகு தொப்பி தலையில் ஏறாது.

எண்ணிக்கை சரி, ஆனாலும் குழிகிறது என்றால் விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. சிலர் ஊசியை நுழைத்து நூலை எடுத்ததும் அந்த வளையத்தை உயரமாக இழுத்துவிடுவார்கள். கண்ணி ஒல்லியாக, நெட்டையாக வரும். உயரம் கூடிவிட்டதால் 6 போதாது. இவர்கள் 6-க்குப் பதில் 7 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 7 கூட்டிப் பார்க்கலாம். அதில் தப்பே இல்லை. நூலை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள். கோடையில் விரல் வியர்த்து நூல் ஒட்டிக்கொண்டாலும் கை தானாக இறுகும். அவ்வப்போது துடைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நான்கு சுற்றுகளில் லேசாகக் குழிவதையோ நெளிவதையோ பொருட்படுத்த வேண்டாம். 6-வது சுற்று முடிந்த பிறகு மேஜையில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

வட்டம் பாவாடைக் கொசுவம் மாதிரி நெளிகிறது

முன்னதற்கு நேர் எதிர். ஓரத்தில் கண்ணி அதிகம். இதையும் எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் காரணம் ஒன்று அடிக்கடி வரும்: ஒவ்வொரு சுற்றையும் ஸ்லிப் ஸ்டிச்சால் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) மூடிப் பின்னுகிறவர்கள், அந்த ஸ்லிப் ஸ்டிச்சையும் ஒரு கண்ணி என்று நினைத்து அதிலும் ஊசியை விட்டுவிடுவார்கள். சுற்றுக்கு ஒன்று கூடும். பத்துச் சுற்றில் பத்து அதிகம். சிங்கிள் குரோஷேயில் சுற்று தொடங்கப் போடும் ஒரு செயினும் கணக்கில் வராது.

பழகும் வரை சுற்றை மூடவே வேண்டாம் என்பது என் கருத்து. நத்தை ஓடு மாதிரிச் சுருளாகவே பின்னிக்கொண்டு போங்கள். ஊக்கு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் மேலேறி வரட்டும். மூடும் இடமே இல்லாதபோது அங்கே பிழையும் இல்லை. பின்பக்கம் சாய்ந்து ஓடும் தையல்கோடும் இல்லை.

வட்டம் அறுகோணமாகிவிட்டது

கூட்டல்கள் ஒன்றின் தலைமேல் ஒன்று உட்கார்ந்து ஆறு மூலைகளாகிவிட்டன. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் கூட்டலை நகர்த்துங்கள். 8-வது சுற்றை இப்படிப் பின்னலாம்: 3 சாதா, ஒரு கூட்டல், பிறகு 6 சாதாவும் ஒரு கூட்டலுமாக ஐந்து முறை, கடைசியில் 3 சாதா. மொத்தம் 48 தான், மூலை மட்டும் மறைந்துவிடும். ஏற்கெனவே பின்னியதைப் பிரிக்க வேண்டாம். பக்கச்சுவர் இறங்கியதும் மூலை பாதி மழுங்கிவிடும்.

உச்சியில் ஓட்டை பெரிதாகிறது

மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில் தொடங்கி, வால் நூலை இழுத்து இறுக்கி, அப்படியே விட்டிருப்பீர்கள். பளபளப்பான பருத்தியில் இது கட்டாயம் நெகிழும். 1844-இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர், பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் அதன் தன்மை மாறுவதைக் கண்டார். அவர் பெயரால்தான் அந்தப் பளபள நூலை மெர்சரைஸ்டு என்கிறோம். சாயத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இழைகள் வழவழப்பாக இருப்பதால் வால் நூல் நழுவிக்கொண்டே வரும்.

வாலை 15 செ.மீ. நீளம் விட்டு, பெரிய கண் உள்ள தையல் ஊசியில் கோத்து, வளையத்தை ஒட்டி முழுதாக இரண்டு சுற்று ஓட்டுங்கள். பிறகு திசையை மாற்றி எதிர்ப்பக்கம் பாதிச் சுற்று. இந்தத் திசை மாற்றம்தான் நூலைப் பூட்டும். வாலை ஏற்கெனவே ஒட்ட வெட்டியிருந்தால், அதே நிறத்தில் புது நூல்துண்டை எடுத்து முதல் சுற்று ஆறு கண்ணிகளின் அடியிலும் கோத்து இழுத்து, உள்பக்கம் முடிச்சிட்டு ஓட்டிவிடலாம்.

வெளிப்பக்கம் வரிவரியாக, கரடுமுரடாக இருக்கிறது

தொப்பியை உள்ளே வெளியே திருப்பிப் பாருங்கள். ‘வி’க்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் பக்கம்தான் நல்ல பக்கம். கட்டைக் கோடுகளாகத் தெரிவது உட்பக்கம். கிண்ணம் உங்களைப் பார்த்துத் திறந்திருக்க, தூரத்து ஓரத்தில் பின்னினால் உட்பக்கம் வெளியே வந்துவிடும். பக்கச்சுவர் எந்த நிலையில் இருந்தாலும் சட்டையைத் திருப்புவது போலத் திருப்பிவிட்டு, உங்களுக்கு அருகிலுள்ள ஓரத்தில் தொடருங்கள். பிரிக்க ஒன்றுமில்லை.

ஒரே ஒரு சுற்றில் மட்டும் மெல்லிய வரப்பு ஓடுகிறது என்றால், அந்தச் சுற்றில் ‘வி’யின் இரண்டு இழைக்கும் அடியில் ஊசியை விடாமல் ஓர் இழையில் மட்டும் விட்டிருக்கிறீர்கள். மேல்தட்டு முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் சுற்றில் வேண்டுமென்றே பின்னிழையில் மட்டும் பின்னினால் மடிப்பு அழகாக நிற்கும். மற்ற இடத்தில் வந்தால் அது பிழை.

‘வி’க்குப் பதில் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் தெரிகின்றனவா? நூலை ஊசிக்கு மேலாக எடுக்காமல் அடியிலிருந்து கொக்கியால் இழுக்கிறீர்கள். இது கண்ணியைக் கொஞ்சம் இறுக்கும், தொப்பிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பாதியில் மாற்றினால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். எப்படித் தொடங்கினீர்களோ அப்படியே முடியுங்கள்.

தலைக்குப் பெரிதாகிவிட்டது, அல்லது ஏறவே இல்லை

இதற்கு நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன். மற்றக் கோளாறுகளோடு தொப்பியைப் போட்டுக்கொள்ளலாம், இதோடு முடியாது.

கம்பளி நூல் தலைக்கு ஏற்ப நீண்டு, கழற்றியதும் சுருங்கும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. நீண்டால் நீண்டதுதான். அதனால் குளிர்காலக் குல்லாவின் அளவைப் பார்த்துக் கோடைத் தொப்பி பின்னக் கூடாது. குல்லாவைத் தலையைவிட மூன்று நான்கு செ.மீ. சிறிதாகப் பின்னுவார்கள். பருத்தித் தொப்பி தலைக்குச் சமமாகவோ கொஞ்சம் தாராளமாகவோ இருக்க வேண்டும்.

அளவெடுப்பதிலேயே தவறு நடக்கிறது. இஞ்ச் டேப்பை நெற்றியில் புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து, காதுக்கு மேலாக, பிடரியில் மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி எடுக்க வேண்டும். தலைமுடி அடர்த்தியாக இருப்பவர்கள், தொப்பி போடும்போது முடியை எப்படிப் பின்னியிருப்பார்களோ அப்படியே வைத்து எடுங்கள். அம்மாவுக்கு முதலில் தலைகுளித்து முடி விரிந்திருந்தபோது அளந்தேன். கொண்டை போட்ட பிறகு தொப்பி பின்னால் தூக்கிக்கொண்டு நின்றது. கொண்டைக்கு மேலே விளிம்பு உட்காருமாறு பக்கச்சுவரில் 4 சுற்றைக் குறைத்த பிறகுதான் சரியானது.

மேல்தட்டு முடிந்ததும், பக்கச்சுவருக்குப் போகும் முன்னே குறுக்களவை அளந்துவிடுங்கள். தலைச்சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் வர வேண்டிய குறுக்களவு கிடைக்கும். 56-க்கு 17.8 செ.மீ. இந்த ஒரு நிமிட வேலை இரண்டு நாள் உழைப்பைக் காப்பாற்றும். 17 தான் வருகிறதா, இன்னும் ஒரு சுற்று கூட்டுங்கள். நம் அளவில் ஒரு சுற்றுக் கூட்டல் என்பது 6 கண்ணி, சுற்றளவில் 3.3 செ.மீ. அது அதிகம் என்றால் அந்தச் சுற்றில் மூன்று கூட்டல் மட்டும் போடுங்கள், 1.7 செ.மீ. கிடைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தலைகள் எத்தனையோ இருக்கின்றன, 6-இன் மடங்கிலேயே நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முழுத் தொப்பியும் முடிந்த பிறகு தெரிந்தால்? லூசாக இருந்தால், விளிம்பு தொடங்கும் இடத்தில் செயின் கயிறு ஒன்றைக் கோத்து உள்பக்கம் கட்டிவிடுங்கள். காற்றில் பறக்காமலும் இருக்கும். இல்லையென்றால் விளிம்பை மட்டும் பிரித்து, பக்கச்சுவரின் கடைசிச் சுற்றில் 6 குறைத்து 96 ஆக்கி, மறுபடி விளிம்பு போடுங்கள். இறுக்கமாக இருந்தால் நனைத்து, சரியான அளவுள்ள பாத்திரத்தின் மேல் இழுத்துக் காயவைக்கலாம், ஒரு செ.மீ. வரை இளகும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதைவிட இறுக்கம் என்றால் மேல்தட்டு வரை பிரிப்பதுதான் வழி.

தொப்பி விசித்திரமாக உயரமாகி, இடையிடையே ஓட்டை ஓட்டையாக இருக்கிறதா? பின்னல் குறிப்பில் ‘டபுள் குரோஷே’ என்று இருந்ததா? பிரிட்டிஷ் வழக்கில் டபுள் குரோஷே என்பது அமெரிக்க வழக்கின் சிங்கிள் குரோஷே. பெயர் ஒன்று, கண்ணி வேறு. குறிப்பில் சிங்கிள் குரோஷே என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க வழக்காக இருக்கும். அந்தச் சொல்லே இல்லாமல் டபுளும் டிரெபிளும் மட்டும் வந்தால், தொடங்கும் முன் குறிப்பின் தலைப்பகுதியில் எந்த வழக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

விளிம்பு தொங்கிக் கண்ணை மறைக்கிறது

விளிம்பில் ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டினால் அது தட்டையாக வெளியே நீளும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டினால் சாய்ந்து இறங்கும். இறங்கினால் கழுத்துக்கும் காதுக்கும் நிழல் கிடைக்கும், அதனால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் கூட்டலே போதாமல் நேராகத் தொங்குவதும், கூட்டல் சரியாக இருந்தும் துவண்டு விழுவதும் வேறு வேறு. முதலாவதற்கு எண்ணிப் பாருங்கள். இரண்டாவதற்குத்தான் இந்த வைத்தியங்கள்.

முதலில் விளிம்பை மட்டும் பிரித்து 3.5 மி.மீ. ஊசியில் பின்னிப் பாருங்கள். அரை மி.மீ. குறைந்தாலே துணி அட்டை மாதிரி ஆகிவிடும். கடைசிச் சுற்றை நண்டுப் பின்னலாகப் போடுங்கள். அதாவது சிங்கிள் குரோஷேயையே வழக்கத்துக்கு மாறாக, வலக்கைக்காரர்கள் இடமிருந்து வலமாகப் பின்னுவது. முறுக்கிய கயிறு போல ஓரம் கெட்டிப்படும்.

அப்படியும் துவண்டால், அல்லது விளிம்பு 7 செ.மீ.க்கு மேல் அகலமானால், உள்ளே எதையாவது வைத்தே ஆக வேண்டும். மீன்பிடி சாமான் விற்கும் கடையில் தடித்த நைலான் நரம்பு கிடைக்கும், தங்கூசி என்று கேட்டாலும் கொடுப்பார்கள். கடைசிச் சுற்றுக் கண்ணிகளின் மேல் அதை வைத்து, அதையும் சேர்த்து அணைத்துப் பின்னிக்கொண்டு போங்கள். முனைகள் இரண்டும் 4 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். நுனியை நூலால் இறுகச் சுற்றிவிட்டால் குத்தாது. இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். ஒரு துவைப்பில் துருக்கறை இறங்கிவிடும்.

கஞ்சி போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், பருத்தி கஞ்சியை நன்றாக ஏற்கும். வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து விளிம்பை மட்டும் நனைத்துக் காயவைத்தால் விறைப்பாக நிற்கும். ஆனால் வியர்வை பட்டதும் பிசுபிசுக்கும். கஞ்சியோடு பெட்டியில் வைத்தால் வெள்ளிப்பூச்சி அரிக்கும். ஒரு நாள் கல்யாணத்துக்கு, சுற்றுலாவுக்கு என்றால் சரி. தினமும் போடும் தொப்பிக்கு நரம்புதான்.

விளிம்பின் ஓரம் மட்டும் அலையடித்தால் கூட்டலை நிறுத்தி, ஒரு சுற்று சாதாவாகப் பின்னி முடியுங்கள்.

வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் விழுகிறது

தொப்பியை வெயிலில் பிடித்து அடியில் உள்ளங்கையைக் காட்டுங்கள். கையில் ஒளிப்புள்ளிகள் விழுந்தால் பின்னல் தளர்வு. பக்கச்சுவரில் ஓட்டை இருக்கலாம், காற்றோட்டத்துக்கு நல்லதும்கூட. இரண்டு சுற்று செயின் வலை வைத்தால் தலை வேகாது. மேல்தட்டும் விளிம்பும் மட்டும் அடைப்பாக இருக்க வேண்டும். பார்க்க அழகான பூவேலை விளிம்புகள் நிழல் தருவதில்லை.

பாதியில் நிறம் மாறிவிட்டது

நூல்கண்டின் சீட்டில் நிற எண்ணோடு சாய லாட் எண்ணும் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்) இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு லாட்தான் கிடைத்தது என்றால், பழைய கண்டில் ஒரு சுற்று, புதியதில் ஒரு சுற்று என்று ஆறேழு சுற்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள்; சேரும் கோடு கரைந்துவிடும்.

துவைத்த பிறகு கெட்டுவிட்டது

அடர் சிவப்பு, நீலம் சாயம் விடும். கல் உப்பில் ஊறவைத்தால் நிற்கும் என்பார்கள். ஏற்கெனவே சாயமேறிய நூலில் உப்பு அப்படி ஒன்றும் செய்வதில்லை. குளிர்ந்த நீரில், தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசுவதுதான் வழி. வெந்நீர் பருத்தியைச் சுருக்கும்.

எண்ணெய் தேய்த்த தலைக்கு உள்பக்கம் ஒரு பட்டி அவசியம். பழைய வேட்டியில் மூன்று விரல் அகலம் கிழித்து, மடித்து, நெற்றி படும் இடத்தில் பெரிய தையலாக ஓட்டி வையுங்கள். அழுக்கானால் அதை மட்டும் பிரித்துத் துவைத்துக்கொள்ளலாம்.

ஈரத் தொப்பியைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் தண்ணீரின் எடையில் நீண்டு, பழைய அளவுக்குத் திரும்பாது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, 18 செ.மீ. குறுக்களவுள்ள பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டுங்கள். எங்கள் வீட்டில் பால் வாங்கும் எவர்சில்வர் தூக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. விளிம்பைக் கையால் தடவி விரித்துவிட்டு, நிழலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.